விடியலில் கேட்கும் பறவைக் குரல்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நமக்கு வெயில், மழை என்று இரண்டே காலம். மலையகத்தில் வசந்தம் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? (வாசகி, கொட்டகலை)

பதில்: மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் பழந்தமிழர் வகுத்தது மலையகத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். பங்குனியில் பிற்பகல் இடிமழை தொடங்கினால் பருவம் திரும்பிவிட்டது. நல்ல மழை பெய்த அந்திகளில் ஈசல் கிளம்பும், பூச்சி புழு பெருகும். மலையகத்தில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒரு மணிநேர வித்தியாசம்கூட இல்லை. ஆகவே மழையும் இரையும்தான் பறவைகளுக்குப் பெரிய அறிவிப்பு. குஞ்சுக்குத் தீனி கிடைக்கும் காலம் பார்த்து ஆண் பறவை இடம் பிடிக்கப் பாடுகிறது.

மரங்களில் முள்முருக்கைப் பாருங்கள். இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். தேயிலைக்கு நிழலாக நட்டு அடிக்கடி கிளை வெட்டும் மரங்களில் பூ அதிகம் இராது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால், வேலியோரம் வெட்டாமல் விட்ட மரத்தைத் தேடுங்கள். காலை 7 மணிக்கு அதன் கீழே பத்து நிமிடம் நின்றால் தேன்சிட்டு, மைனா, கொண்டைக்குருவி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வெள்ளைக்கண்ணி எல்லாம் தேனுக்கு வந்துபோவதைக் காணலாம்.

கேள்வி: காலையில் எல்லாக் குரலும் ஒன்றாகக் கேட்கிறது. எது எந்தப் பறவை என்று எப்படிப் பிரிப்பது? (வாசகர், பண்டாரவளை)

பதில்: எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்க முயல்வதுதான் முதல் தவறு. வாரத்துக்கு ஒரு பறவை போதும்.

மாசியில் சூரியன் 6.20 அளவில் உதிக்கும். நீங்கள் 5.40-க்கே, பிரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) ஆட்கள் கிளம்புமுன், ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். தண்ணீர் கொட்டும் பீலியிலிருந்தும் ஓடையிலிருந்தும் முப்பது அடியாவது தள்ளி இருங்கள். தண்ணீர்ச் சத்தம் மெல்லிய கீச்சுக் குரல்களை விழுங்கிவிடும். கம்பளித் தொப்பி காதை மூடியிருந்தாலும் இதே கதைதான். குளிராக இருந்தாலும் காதுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். உள்ளங்கையைக் குவித்து காதுக்குப் பின்னால் வைத்து மெல்லத் திரும்பினால் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியும். மூடுபனி அடர்ந்த நாளில் வெளிச்சம் பிந்தும், பாட்டும் பிந்தும், ஏமாந்து எழுந்துவிடாதீர்கள்.

கொப்பியில் பெயர் எழுத அவசரம் வேண்டாம். குரல் ஏறினால் ஏறுகோடு, இறங்கினால் இறங்குகோடு, விட்டுவிட்டு வந்தால் புள்ளிகள். இருள் பிரியுமுன் கூரை உச்சியிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ நீண்ட இனிய சீழ்க்கை கேட்டால், பெரும்பாலும் அது வண்ணாத்திக்குருவி. வெளிச்சம் வந்ததும் கறுப்பு வெள்ளை உடலையும் தூக்கிய வாலையும் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டு மூன்று சுரத்தையே திரும்பத் திரும்ப அடுக்கினால் பட்டாணிக்குருவி. ‘குட்ரூ, குட்ரூ’ என்று மரத்திலிருந்து விடாமல் ஒலிப்பது குக்குறுவான். மூன்று சுரமாக, ஒவ்வொரு தடவையும் இன்னும் உச்சத்துக்கு ஏறி, திடீரென்று அறுந்துபோனால் அது அக்காக்குயில். ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

குரலைக் கொண்டு பறவையைச் சொல்லும் மேர்லின் போன்ற செயலி உதவும். இலங்கைக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னல் கிடைக்காது. ஆனால் அது சொல்வது ஊகம். கண்ணால் காணும்வரை கொப்பியில் கேள்விக்குறி இருக்கட்டும்.

கேள்வி: நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் பறவை பார்க்க ஏப்ரல் விடுமுறையில் வரலாமா? (வாசகர், மாத்தளை)

பதில்: வரலாம், ஆனால் பிந்திவிடும். அங்கே அரியவை குளிர்கால விருந்தாளிகள்தான்: காஷ்மீர் ஈப்பிடிப்பான், கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, ஆறுமணிக்குருவி. ஏப்ரலுக்குள் இவை வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். போதாததற்கு வசந்தகாலக் கூட்டமும் இரைச்சலும். பெப்ரவரியிலோ மார்ச் முற்பகுதியிலோ, வேலை நாளில், பூங்கா திறந்தவுடன் போங்கள். பூப்பாத்திகளை விட்டுவிட்டு, நிழலும் சருகும் ஈரமும் உள்ள ஓடையோரத்தில் அசையாமல் நில்லுங்கள். ஆறுமணிக்குருவி பெயருக்கேற்ப விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். மற்ற நேரத்தில் சருகு புரளும் சத்தமே துப்பு.

கேள்வி: பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையைக் கிட்டே வரவழைக்கலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: வேண்டாம். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டதென்று எண்ணி, கூட்டையும் தீனியையும் விட்டு அது சண்டைக்கு வரும். அந்நேரம் முட்டை குளிரும், காகம் நுழையும்.

கேள்வி: குயில் சித்திரைக்கு மட்டுமா நம்மூருக்கு வருகிறது? (வாசகி, கம்பளை)

பதில்: வருடம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, இனப்பெருக்கக் காலத்தில்தான் அதிகம் கூவுகிறது. கூவுவது கறுப்பு ஆண். புள்ளிபோட்ட பழுப்புப் பெண் ‘கிக், கிக்’ என்று கத்திக்கொண்டு, காகத்தின் கூட்டில் முட்டையிடச் சமயம் பார்க்கும்.

கேள்வி: லயத்து முன்கூரைக்குக் கீழே தகைவிலான் மண்கூடு கட்டியிருக்கிறது. எச்சம் விழுந்து திண்ணை நாறுகிறது. தட்டிவிடலாமா? (வாசகி, அக்கரப்பத்தனை)

பதில்: தட்டிவிடாதீர்கள். முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு பறக்க மூன்று வாரம், அவ்வளவுதான். கூட்டுக்கு ஒன்றரை அடி கீழே ஓரடி அகலப் பலகை ஒன்றை அறைந்தால் எச்சம் அதில் விழும். அதைவிடக் கிட்டே அறைந்தால் காகம் வந்து உட்கார வசதியாகிவிடும். அந்த ஐந்து வாரமும் அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடிக்கவோ கீழே புகை போடவோ வேண்டாம்.

ஈரம் ஏறிக் கூடு உடைந்து குஞ்சு விழுந்தால், ஒரு சிரட்டையில் காய்ந்த புல்லைப் பரப்பிக் குஞ்சை வைத்து, பழைய கூடு இருந்த இடத்திலேயே கம்பியால் கட்டுங்கள். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. தள்ளி நின்று ஒரு மணிநேரம் பாருங்கள். தாயோ தகப்பனோ பூச்சியோடு வந்துவிடும்.