மழை தொடங்கியதும் ஆர்ம் ஆக மறுக்கும் அலாரம்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வயர் இணைப்புள்ள திருட்டுத் தடுப்பு அலாரம் பொருத்தினோம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து, இரவில் கடவு எண்ணை அழுத்தினால், மூன்றாம் ஜோன் (அலாரம் தனியாகக் கண்காணிக்கும் பகுதி) திறந்திருப்பதாகக் கீபேடில் காட்டிவிட்டு ஆர்ம் ஆக, அதாவது காவல் நிலைக்கு மாற, மறுக்கிறது. அந்த ஜோன் புறவாசல் கதவுக்கு உரியது. அதைத் தாழிட்ட பிறகும் இதே கதைதான். பொருத்திய கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பேனல் (அலாரத்தை இயக்கும் மையப் பெட்டி) போய்விட்டது, மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கதவு திறந்திருப்பதாகத் தெரியும்போது ஆர்ம் ஆக மறுப்பது பேனலின் கோளாறு அல்ல. அதன் வேலையே அதுதான். மறுக்காமல் ஆர்ம் ஆகியிருந்தால், சிறிது நேரத்திலேயே சைரன் அலறித் தெருவையே எழுப்பியிருக்கும்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது மழை. கதவு நிலையில் இருக்கும் சென்சாருக்குள், கண்ணாடிக் குழாயில் அடைத்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். கதவில் பொருத்திய காந்தம் அருகில் வந்தால் அவை ஒட்டிக்கொண்டு மின்சுற்றை மூடும், விலகினால் பிரியும். வீடுகளில் பொருத்தும் பல மாதிரிகளுக்கு இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலே போதும், கதவு திறந்ததாகக் கணக்கு. மழையில் ஊறிய மரக்கதவு, நடுவில் தாழ்ப்பாள் விழுந்திருந்தாலும், மேல் மூலையில் நிலையோடு படியாமல் விலகி நிற்கும். சென்சார் இருப்பது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

ஒருவரைக் கீபேட் முன் நிறுத்திவிட்டு, நீங்கள் கதவின் மேல் மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது ஜோன் மூடியதாகக் காட்டி, கையை எடுத்ததும் மறுபடி திறந்ததாகக் காட்டினால், குற்றவாளி கதவுதான். காந்தத்தின் அடியில் சிறு பிளாஸ்டிக் துண்டு வைத்து அதைச் சென்சார் பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். காந்தம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். என் வீட்டில் பெயின்ட் அடித்தவர் அதைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் போக, நான் இரண்டு நாள் பேனலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கதவை அழுத்தியும் மாறவில்லையென்றால், வேறொரு காந்தத்தைச் சென்சாரின் மேல் ஒட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், சென்சாரோ, ஈரத்தில் பச்சை பூத்த வயர் இணைப்போ பழுதாகியிருக்கலாம். பேனல் மீது சந்தேகம் வரவேண்டிய இடம் இதற்கும் அடுத்ததுதான். மூன்றாம் ஜோன் வயரைக் கழற்றிவிட்டு, அந்தப் பேனலுக்கு உரிய ரெசிஸ்டரை (சிறு மின்தடை) அதே முனையில் நேரடியாக மாட்டினால், நல்ல பேனல் ஜோன் மூடியிருப்பதாகக் காட்டும். ஐந்து நிமிட வேலையான இச்சோதனையை உங்கள் கண்முன் செய்துகாட்டாமல் பேனல் போய்விட்டது என்று சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் 230 வோல்ட் இணைப்பு வருவதால், அதை நீங்களே திறக்க வேண்டாம்.

பழுது சரியாகும்வரை மூன்றாம் ஜோனை மட்டும் பைபாஸ் செய்து, அதாவது கண்காணிப்பிலிருந்து விலக்கி, மற்றவற்றை ஆர்ம் செய்யலாம். புறவாசல் அன்றிரவு காவலில் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பல பேனல்களில் அலாரத்தை அணைத்ததும் பைபாஸ் நீங்கிவிடும் என்பதால், தினமும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் மூன்று வயதாகிறது. அது பலவீனமானாலும் சில பேனல்கள் ஆர்ம் ஆகாது என்பதால், சோதிக்க வருபவரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்காரரிடம் என்ன சோதித்தார், என்ன கண்டார் என்பதை எழுத்தில் கேளுங்கள். அமைப்புகளை மாற்றுவதற்கான நிறுவுநர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அது அவர் கையில் மட்டும் இருந்தால், வேறு மெக்கானிக்கை அழைத்தாலும் அவரால் அமைப்புகளை மாற்ற முடியாமல் போகலாம். நன்றாக இருக்கும் பேனலை மாற்றிப் பணம் வாங்கியதாகப் பின்னர் தெரியவந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைச் சேவைக் குறைபாடாக முன்வைக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. சோதனைக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று ஆனால், பழைய பேனலைக் கடைக்காரர் எடுத்துப்போக விடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். புகார் என்று வந்தால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் பொருள் அது ஒன்றுதான்.