சத்து மாத்திரை சாப்பிட்டதால்தான் பாப்பா கறுத்துவிட்டாளா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்கு மூன்றரை வயது. பிறந்தபோது நல்ல சிவப்பாக இருந்தாள். நர்ஸ் அம்மாவே "பாப்பா நல்ல கலரா இருக்கா" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். ஒரு வயது முடிவதற்குள் நிறம் மட்டாகிவிட்டது. இப்போது என்னைவிடக் கறுப்பு. நாத்தனார் மகளுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான், அவள் சிவப்பு. வீட்டில் விசேஷம் என்றால் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பேசுகிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது நான் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டதும், குங்குமப்பூப் பாலை ஒழுங்காகக் குடிக்காததும்தான் காரணம் என்கிறார் மாமியார். தினமும் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன். வெயிலில் விளையாட விடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு களிம்பு கொடுத்தார். பத்து நாளாக முகத்தில் போடுகிறேன், கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கிறது. போன வாரம் பாப்பா என் பவுடர் டப்பாவை முகத்தில் கொட்டிக்கொண்டு, "இப்ப நான் அவள மாதிரி இருக்கேனாம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இவளுடைய பழைய நிறம் திரும்புமா? எனக்கு இப்போது மறுபடியும் நான்கு மாதம். இந்த முறை மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது கடைசி வரிதான் அம்மா. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இன்று இரவே சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். நீங்கள் நிறுத்தியிருப்பது சரியாகத் தொடங்க வேண்டிய நேரத்தில்.

இரும்பு போய்ச் சேரும் இடம் ரத்தம். தோலுக்கு நிறம் தருவது மெலனின், அதில் இந்த மாத்திரைக்கு எந்த வேலையும் கிடையாது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது உண்மை. அதைப் பார்த்து, உள்ளே இருக்கும் குழந்தையும் கறுத்துவிடும் என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். எத்தனையோ பெண்கள் இந்தப் பயத்தில் மாத்திரையை ஒளித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் அதைத் தாங்கும் தெம்பும், பிள்ளை தன் முதல் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் இரும்பும் உங்கள் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். டீ, காபி, கால்சியம் மாத்திரை எதையும் அதோடு சேர்க்காதீர்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாத்துண்டோ சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். குங்குமப்பூ பாலுக்கு நிறமும் மணமும் தரும். பிள்ளையின் நிறத்தை அது தொடாது.

சரி, இப்போது பாப்பாவுக்கு வருவோம். பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிக அதிகம். அந்த ரத்தம் தோல் வழியாகத் தெரிவதைத்தான் நாம் "சிவப்பு" என்று கொண்டாடுகிறோம். மெலனின் அப்போது முழுதாகச் சுரக்க ஆரம்பித்திருக்காது. மாதம் ஏற ஏற அது கூடி, பிள்ளைக்கு உரிய நிறம் வந்து சேரும். ஊர்ப்பக்கம் பெரியவர்கள் காது மடலின் விளிம்பைப் பார்த்து "இவன் இந்த நிறத்துக்குத்தான் வருவான்" என்பார்கள், அதில் விஷயம் இருக்கிறது. உங்கள் மகள் எதையும் இழக்கவில்லை. தன் நிறத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். திரும்பிப் போக வேறு நிறம் அவளுக்கு இல்லை.

மெலனின் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பானவர்களுக்கும் சிவப்பானவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு, எந்த வகை மெலனினைச் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அதைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு நிறம். நாத்தனார் மகளுக்கு அவளுடைய அப்பா வீட்டுப் பங்கும் உண்டு. உங்கள் பாப்பாவின் நிறம் யாரிடமிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் வீட்டிலிருக்கும் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் மாமியாரின் இளவயதுப் படத்திலேயே விடை கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

நிறம் என்று நாம் மகிழ்கிற சில விஷயங்கள் நோயாகவே இருக்கும். எங்கள் கிளினிக்குக்கு ஒரு தாத்தா பேரனைத் தூக்கி வந்தார். "எங்க வம்சத்துலயே இவன்தாம்மா சிவப்பு, சளிதான் விட மாட்டேங்குது" என்றார். ஒன்றரை வயது வரை பாட்டில் பாலிலேயே வளர்ந்த பிள்ளை. உள்ளங்கையும் கண்ணின் உள் இமையும் வெளிறிக் கிடந்தன. ஹீமோகுளோபின் வெறும் 5.8, கடுமையான ரத்தசோகை. மருந்தும் சாப்பாடும் சரியானதும் பையன் நல்ல மாநிறத்துக்கு வந்தான். அந்த வீட்டில் அதற்கும் ஒருவர் வருத்தப்பட்டார்.

அடுத்தது அந்தக் களிம்பு. அதை இன்றோடு நிறுத்துங்கள். ட்யூபில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். சில நாள் போட்டால் முகம் தெளிந்த மாதிரிதான் தெரியும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் பூனைமுடியும் கிளம்பும். விட்டால் எரியும் என்பதால் விடவும் முடியாது. பிள்ளைகளின் தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும், உடம்புக்குள்ளும் போகும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனால் பக்கத்து வீட்டு அலமாரி எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதே. சீட்டே ஒட்டாத டப்பாவாக இருந்தால் எனக்கு இன்னும் பயம், அதில் பாதரசம் இருக்கலாம். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட நிறக் களிம்புகள்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பாப்பாவையும் அந்த ட்யூபையும் சேர்த்து ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நாள் என்பதால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது மாதக்கணக்கில் போட்டு வருகிறீர்கள் என்றால், சட்டென்று நிறுத்தாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கறுப்பு நோயின் அடையாளமாக வருவதும் உண்டு. கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்து, பிள்ளை பருமனாகவும் இருந்தால் இன்சுலின் கோளாறா என்று பார்க்க வேண்டும். விரல் முட்டிகள் மட்டும் கறுத்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் பி12 குறைவாக இருக்கலாம். ஈறு, உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்து வாந்தியும் எடை இறக்கமும் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது. கன்னத்தில் வரும் வெளிறிய திட்டுகளைப் பூச்சி என்று நினைத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது தோல் வறட்சி, எண்ணெய்ப் பசையுள்ள களிம்பே போதும். உங்கள் கடிதத்தில் இந்த மாதிரி அறிகுறி எதுவும் இல்லை.

இனி அந்தப் பவுடர் டப்பா. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை பொம்மையையும் கறுப்பு பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைக் காட்டின. உங்கள் மகளும் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

அவளிடம் "நீ கறுப்பு இல்லடா, மாநிறம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறுதல் மாதிரிதான் இருக்கும், ஆனால் கறுப்பு என்பது மறைக்க வேண்டிய ஒன்று என்று நீங்களே சொல்லிக் கொடுப்பதாகிவிடும். "ஆமாடா, நீ கறுப்பு. உங்க அப்பத்தா கலர். எனக்கு இந்தக் கலர் ரொம்பப் பிடிக்கும்" என்று, அது யாருடைய நிறமோ அவர் பேரைச் சொல்லி, கன்னத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தும் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். அதை உங்கள் கணவர்தான் தன் அம்மாவிடமும் அக்கா தங்கையிடமும் சொல்ல வேண்டும், மருமகள் சொன்னால் சண்டையாகிவிடும். மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன பேசினார்களோ, யாருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கடலை மாவு அழுக்கை எடுக்கும், நிறத்தை எடுக்காது. தினமும் அழுத்தித் தேய்த்தால் தோல் வறண்டு சிராய்க்கும், மென்மையான சோப்பே போதும். வெயிலை அடைத்து வைத்ததையும் விடுங்கள். மெலனின் உடம்போடு வந்த குடை, அதனால் கறுத்த தோலில் வைட்டமின் டி உண்டாகக் கூடுதல் நேரம் வெயில் பட வேண்டும். உச்சி வெயிலை மட்டும் தவிர்த்து, பழையபடி தெருப் பிள்ளைகளோடு ஓடி விளையாடட்டும். இந்த வாரம் உங்களுக்கும் பாப்பாவுக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.