பகல் பதினொரு மணிக்கு வரும் பேரிடர்

அன்புள்ள அக்கா,

அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் எங்கள் மருத்துவமனையில் பேரிடர் ஒத்திகை நடந்தது. காயம்பட்டவர்களாக நடித்தவர்களுக்கு, யாரை முதலில் பார்ப்பது என்று காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அட்டைகளைக் கட்டினோம். இனிக் காப்பாற்ற முடியாது என்று ஒருவருக்குக் கறுப்பு அட்டை கட்டியது நான்தான். நடிப்பு என்று தெரிந்தும் அன்று தூக்கம் வரவில்லை. பேரிடர் நர்சிங்கில் தனியாக ஏதாவது படித்தால் இந்தத் தயக்கம் போகுமா? நம் தொழிலே தியாகம்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தூக்கம் வராமல் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தத் தயக்கம் போகவே வேண்டாம், கை மட்டும் நிற்கக் கூடாது. காயம்பட்டவர்களை இப்படி நிறம் பிரிக்க 1983இல் கலிஃபோர்னியாவில் உருவான ஸ்டார்ட் முறையைத்தான் உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மூச்சு இல்லையென்றால் மூச்சுவழியைத் திறந்து பார். அப்போதும் வரவில்லையென்றால் கறுப்பு, அடுத்தவரிடம் போ. நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு, உடனே பார்க்க வேண்டியவர். நீ அங்கேயே நின்றுவிட்டால் பத்தடி தள்ளி ரத்தம் கொட்டிக் கிடப்பவரை யார் பார்ப்பது?

படிப்பா, தாராளமாகப் படி. சர்வதேச செவிலியர் மன்றம் 2009இல் வெளியிட்டு 2019இல் புதுப்பித்த பேரிடர் நர்சிங் தகுதிப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்கு. தியாகப் பேச்சை மட்டும் என்னிடம் எடுக்காதே. மேடையில் நம்மைத் தியாகிகள் என்று புகழ்ந்துவிட்டு, நைட் டூட்டிக்கு வார்டு முழுக்க ஒரே ஆளைப் போடுபவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

நீ எழுதாமல் விட்டதுதான் என்னை உறுத்துகிறது. ஒத்திகை எத்தனை மணிக்கு நடந்தது? நானே சொல்கிறேன்: பகல் பதினொரு மணி. முந்தின நாளே சுற்றறிக்கை வந்திருக்கும். எல்லோரும் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் வந்திருப்பீர்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் அப்படித்தான். ஒரு நள்ளிரவு வராந்தாவில் புகை கிளம்பியது. ஆக்ஸிஜன் லைனை மூடியாக வேண்டும். அதற்கு முன் ஆக்ஸிஜனில் இருப்பவர்களைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். சிலிண்டர்கள் நிறைந்திருந்தன, திறக்கும் சாவியைக் காணோம். பகல் ஒத்திகைகளில் அது எப்போதும் இன்சார்ஜ் சிஸ்டரின் பாக்கெட்டிலிருந்து வரும். டூட்டி முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது சாவியும் கூடவே போய்விட்டது. பக்கத்து வார்டுக்கு ஓடினோம். அங்கே யாரோ ஒரு புண்ணியவதி காஸ் துணியைக் கிழித்து, சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கட்டி வைத்திருந்தாள். எந்தக் கையேட்டிலும் இல்லாத அந்த முடிச்சுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. அவள் கட்டாயம் நைட் டூட்டிக்காரியாகத்தான் இருந்திருப்பாள்.

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயலில் நியூயார்க் லாங்கோன் மருத்துவமனையில் மாற்று மின்சாரமும் நின்றுபோனது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் 20 குழந்தைகள். ஒன்பது மாடிப் படிகளில் ஏந்தி இறக்கினார்கள். மூச்சுக்கருவியை நம்பியிருந்த குழந்தைகளுக்கு நர்ஸுகள் மூச்சு கொடுக்கும் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே இறங்கினார்கள். இருட்டில் ஒருவர் குழந்தையைத் தூக்க, இன்னொருவர் பையை அமுக்க, இருவர் காலடியும் ஒன்றாக விழ வேண்டும். இதை உட்கார்ந்து படிக்க முடியுமா, சொல்.

அதனால் அடுத்த ஒத்திகையை இரவு மூன்று மணிக்கு வைக்கச் சொல்லிக் கேள். "நோயாளிகள் பயப்படுவார்கள்" என்பார்கள். சரி, வார்டுக்குள் நீங்களே சத்தமில்லாமல் செய்து பாருங்கள். காலிப் படுக்கையில் உங்களில் கனமானவளைப் படுக்க வைத்து, மெத்தை விரிப்போடு தரையில் இறக்கி, அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் வரை இழுங்கள். படிக்கட்டெல்லாம் அப்புறம். கதவுக்கு முன்னால் உடைந்த சக்கர நாற்காலியும் பழைய டிரிப் ஸ்டாண்டும் கிடக்கும், பார். அதை யார் அங்கே போட்டது என்று விசாரித்து எனக்கு எழுது.