போலிக் கணக்கில் மகளின் படம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் படத்தை ஆபாசமாக மார்ஃபிங் செய்து, இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாமல் புகார் செய்ய முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முடியும். ஆனால் பதற்றத்தில் முதலில் 'ரிப்போர்ட்' அடித்துவிடாதீர்கள். கணக்கு போனால் தடயமும் போய்விடும். பதிவின் லிங்க், கணக்கின் லிங்க், தேதி, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேமியுங்கள். பலர் படத்தை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். போலிக் கணக்கு வைத்திருப்பவன் பயனர் பெயரை மாற்றிவிட்டால் அதை வைத்துத் தேடுவது கஷ்டம்.

அடுத்து, சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவு. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் பெயர் கொடுத்துப் பதிவதே என் யோசனை. 'எங்கள் எல்லை இல்லை' என்று ஸ்டேஷனில் சொன்னால், எங்கு நடந்திருந்தாலும் எஃப்ஐஆர் போட பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆவது பிரிவு இடம் தருகிறது என்று சொல்லுங்கள்.

கூடவே இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். மார்ஃபிங் படங்களை நீக்க 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளே 24 மணி நேரம்தான் கெடு வைத்தன. அசையாவிட்டால், 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம்.

மகள் 18 வயதுக்குள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்தப் படத்தை, 'பாருங்கள்' என்று உறவினருக்குக்கூட அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அதுவே குற்றமாகலாம்.