முதல் பெட்டிக்கு எந்த மரம்? கேள்வி பதில்

கைரம்பம், உளி, இழைப்புளி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு முதன்முதலாக மரவேலையில் இறங்குபவர்கள், மரம் வாங்குவது குறித்துக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

மதுரை, கல்லூரி மாணவர்: ஐயா, மூடியுடன் சிறிய பெட்டி ஒன்று செய்ய ஆசை. முதல் வேலை நிலைத்து நிற்க வேண்டும் என்பதால் தேக்கு வாங்கலாமா?

இப்போது வேண்டாம், தம்பி. தேக்கின் விலையே உங்கள் கையைக் கட்டிப்போட்டுவிடும். கோடு தவறிவிடுமோ என்று பயந்து பயந்து ரம்பம் பிடித்தால் வேலை படியாது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளியின் கூரும் சீக்கிரம் மழுங்கும். தீட்டுவதற்கு இன்னும் கை பழகாதவருக்கு அது பெரிய தொல்லை.

குமிழ மரம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வெளிர் நிறம், எடை குறைவு, காய்ந்தபின் எளிதில் கோணாது, சீவல் சுருள் சுருளாக வரும். முதல் பெட்டிக்கு என் தேர்வு அதுதான். அது கிடைக்காத ஊரில் மலைவேம்பு போதும்.

தேக்கில்தான் செய்தாக வேண்டும் என்றால், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய சன்னல் சட்டம் தேடுங்கள். அது பல ஆண்டுகள் காய்ந்த மரம். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

சென்னை: இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் பெட்டிகளைப் பிரித்த பலகை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், முத்திரையைப் பார்த்த பிறகு. ‘எச்டி’ (HT) என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கிய மரம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, அதைத் தொடவேண்டாம். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும் என்பதால் காந்தம் ஒன்றைப் பலகைமேல் ஓட்டிப் பார்த்துவிட்டே ரம்பம் வையுங்கள். பைன் நல்ல ஆசான். மழுங்கிய உளி அதன் குறுக்குவெட்டை நசுக்கும், கூரான உளி பளிச்சென்று வெட்டும். நீங்கள் உளியைத் தீட்டியது சரியா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

திருச்சி: கடையில் பத்துப் பலகைகளை எடுத்துப் போடுகிறார்கள். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மரத்தின் பெயரைவிட இதுதான் முக்கியமான கேள்வி. நல்ல சாதி மரத்திலும் மோசமான பலகை உண்டு.

பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, ஓரத்தின் வழியே மறுமுனையைப் பாருங்கள். முறுக்கு இருந்தால் அப்போதே தெரியும். முறுக்கிய பலகையை இழைப்புளியால் நேராக்கினால் ஓர் அங்குலக் கனம் அரை அங்குலமாகிவிடும். பிறகு பக்கவாட்டில் வரிகளைப் பாருங்கள். அவை ஓரத்துக்கு இணையாகக் கடைசிவரை ஓடினால் எடுத்துவையுங்கள். இடையில் சரிந்து வெளியேறினால் இழைக்கும்போது பெயரும். குறுக்குவெட்டில் மரத்தின் நடுக்குருத்து தெரிந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், அது பிளக்கும். ஊசித் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது.

ஒரே மரத்தில் ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை இரு கைகளில் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் நன்றாகக் கனத்தால் பெரும்பாலும் அதில் ஈரம் மிச்சமிருக்கிறது.

கடைக்காரர் முகம் சுளித்தாலும் அவசரப்படாதீர்கள். கலைத்ததைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை அவரே நல்லதை எடுத்துத் தருவார்.

தஞ்சாவூர், இல்லத்தரசி: அப்பா நட்ட வேப்பமரம் போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதில் ஒரு மணை செய்ய வேண்டும்.

அவசியம் செய்யுங்கள் அம்மா, ஆனால் உடனே அல்ல. வெட்டுண்ட மரத்தை வெயிலில் போட்டுவைத்தால் வெடித்துவிடும். இந்த வாரமே அறுவை மில்லில் ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, இரு முனைகளிலும் பெயிண்ட் அல்லது மெழுகு பூசுங்கள். தரை படாமல், பலகைக்குப் பலகை குச்சி வைத்து, காற்றோடும் நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஒரு துண்டை மாதந்தோறும் எடை போட்டு வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

வேம்பின் வரி ஓரிடத்தில் இப்படியும் அடுத்த இடத்தில் எதிர்ப்புறமும் சாய்ந்திருக்கும். பழகாத கைக்கு இழைக்கக் கடினம். அது காயும்வரை குமிழில் பழகுங்கள். அப்பாவின் மரத்தைத் தொடும்போது உங்கள் கை தயாராக இருக்கும்.

சேலம்: கன அடிக் கணக்கு புரியவில்லை.

எல்லா அளவையும் அங்குலத்தில் பெருக்கி 1,728 ஆல் வகுத்தால் கன அடி. ஆறு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், இரண்டடி நீளம் என்றால் 144. அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிதாகக் கேட்டால் சில கடைகளில் தரமாட்டார்கள். கதவு, நிலை செய்யும் பட்டறைகளில் துண்டு மரம் கேளுங்கள், அடுப்புக்குப் போவது உங்களுக்குப் பெட்டியாகும்.

ஈரோடு: உளியைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியையும் நானே செய்யலாமா?

செய்யுங்கள். தலைக்குப் புளிய மரம். கறிக்கடைக் கட்டையாக அத்தனை வெட்டையும் தாங்குவது அதுதான். கைப்பிடித் துளையை மேல்பக்கம் சற்று அகலமாக்கி, பிடியையும் அதேபோல் மேலே அகன்றதாகச் சீவி, மேலிருந்து செருகுங்கள். ஆப்பு வேண்டாம், ஓங்க ஓங்கத் தலை இறுகிக்கொள்ளும்.