பேத்தியும் ஆயாவும் ஒரே டிவியும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் நீங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றி உங்கள் தளத்தில் படித்த தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். இங்கே ஃபீனிக்ஸ் பகுதியில் மாமியாரோடு சேர்ந்து இருக்கிறோம். கணவருடைய குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே இந்த ஊர்தான். அவருக்குத் தமிழ் வராது. மாமியாருக்கு மாரியம்மன் பாட்டெல்லாம் மனப்பாடம்; ஆனால் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். மகளுக்கு 5 வயது.

இப்போது டிசம்பர் விடுமுறை. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுகிறோம். காலையில் ஆங்கிலக் கார்ட்டூன், 11 மணியிலிருந்து மாமியாரின் தமிழ் சீரியல்கள், சாயங்காலம் கணவர் வந்ததும் கிரிக்கெட். என் மகளுடைய ஒரு நாள் இப்படித்தான் போகிறது. தமிழ் காதில் விழுகிறதே என்று சீரியலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. போன வாரம் அவள் தன் பொம்மையைச் சுவரோரம் நிறுத்தி, விரலை நீட்டி, "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள். அவள் முழுதாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

தமிழுக்காகச் சீரியலை விட்டுவைப்பதா? கார்ட்டூனே மேலா? இல்லை, டிவியையே மூடிவிடலாமா? மாமியார் மனம் நோகாமல் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

ம., ஃபீனிக்ஸ்

*

அன்புள்ள ம.,

கேட்ட கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் சீரியல் வேண்டாம். தமிழுக்காகக்கூட வேண்டாம். டிவியை மூடிவைக்கவும் வேண்டாம். மாமியாரின் மனம் நோகாது என்று மட்டும் இல்லை, இதில் அவருக்குத்தான் பெரிய வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பொம்மையைச் சுவரோரம் நிறுத்தியது, விரலை நீட்டியது, எல்லாமே சீரியலில் பார்த்ததுதான். 5 வயதுக் குழந்தைக்குச் சொத்துத் தகராறும் புரியாது, இரண்டாம் தாரமும் புரியாது. முகமும் குரலும்தான் புரியும். ஒரே முகத்தை மூன்று பக்கத்திலிருந்து வெட்டி வெட்டிக் காட்டி, கூடவே இடிச் சத்தத்தையும் போட்டால், யாரோ யாரையோ என்னவோ செய்யப் போகிறார்கள் என்பது மட்டும் மனதில் இறங்கும். கதை தெரிந்த பெரியவர்களுக்கு இன்றைய முடிச்சு நாளைக்கு அவிழும். கதை தெரியாத பிள்ளைக்கு அது அவிழ்வதே இல்லை. பயத்தோடு எழுந்து போகிறது. சீரியல் எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அதைக் குழந்தைக்காக எடுக்கவில்லை. நாம்தான் குழந்தையைக் கொண்டுபோய் அதன் முன்னால் உட்கார வைக்கிறோம்.

அந்த வாக்கியம் எப்படி அவள் வாயில் வந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். வீட்டில் அவளைப் பார்த்து யாரும் தமிழில் பேசுவதில்லை போலிருக்கிறது. பெட்டியில் கேட்டதை, பதில் பேசாத பொம்மையிடம் பேசிப் பார்த்திருக்கிறாள். தமிழ் பேச அவளுக்கு ஆசை இருக்கிறது, எதிரில் ஆள் இல்லை. என்னைக் கேட்டால், அழவேண்டிய விஷயம் அதுதான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசி விளையாடுவதைப் படம்பிடித்துத் திரையில் காட்டினார்கள். ஆசையாகப் பார்த்த அந்தக் குழந்தைகள், சீனமே கேட்காத குழந்தைகளைவிட ஒரு படிகூட முன்னேறவில்லை.

உங்கள் மகள் கைக்குழந்தை அல்ல. 5 வயதில் திரையிலிருந்தும் சொற்களைப் பிடிக்க முடியும், பிள்ளைகளுக்கென்று நிதானமாக எடுத்த நிகழ்ச்சியாக இருந்தால். தமிழ்நாட்டில் சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோராவை நீங்களே பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருப்பாள். நல்ல உத்திதான். ஆனால் பிள்ளை "அதோ, மரத்துக்குப் பின்னால்" என்றாலும் டோரா ஒரே பதிலைத்தான் சொல்வாள், "எனக்குப் பசிக்கிறது" என்றாலும் அதையேதான் சொல்வாள். பசிக்கிறது என்றதைக் கேட்க, பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த நாட்டில் டிவி எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். 1960-களில் அஞ்சல் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சோக் டிவியை நாட்டுக்குள் விடவே மறுத்தார். உலகமெல்லாம் பார்த்து முடித்த பிறகு, 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான் முறையான ஒளிபரப்பு தொடங்கியது. மாலையில் சில மணி நேரம். பாதி ஆங்கிலம், பாதி அப்போது ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழியான ஆப்பிரிக்கான்ஸ். முதல் ஆண்டிலேயே ஆப்பிரிக்கான்ஸ் பேசும் முயல் பொம்மை ஒன்று பிள்ளைகளுக்குச் செய்தி வாசித்தது. வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர்களைக் காசு செலவழித்து ஆப்பிரிக்கான்ஸுக்கு மொழிமாற்றினார்கள். 1982-இல் கறுப்பின மக்களின் மொழிகளுக்கென இரண்டு அலைவரிசைகள் வந்தன. தமிழுக்கும் தெலுங்குக்கும் இந்திக்கும் டிவியில் இடம் இல்லை. 1983-இல் டர்பனில் லோட்டஸ் வானொலி வந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு மொழியில் பிள்ளைகள் வளரவேண்டும் என்று அரசாங்கம் நினைத்தால் என்னென்ன செய்யும் என்பதை ஆப்பிரிக்கான்ஸ் நிகழ்ச்சிகளில் நாங்கள் தினமும் பார்த்தோம். எங்களுக்கு அது கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆனால் அந்த ஆப்பிரிக்கான்ஸ் நிகழ்ச்சியிலிருந்துதான் நான் தமிழ் கற்றேன். என் ஆயா, அதாவது பாட்டி, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மாகஸின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்டவர். ஆங்கிலமும் தெரியாது, ஆப்பிரிக்கான்ஸும் தெரியாது. பக்கத்து வீட்டு முன்னறையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடி உட்கார்ந்து ஹைடி பார்ப்போம். அல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் பெண்குழந்தையின் கதை, கார்ட்டூனாக எடுத்தது. ஆயா எங்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, படத்தை மட்டும் பார்த்துக் கதையைத் தானே சொல்லிக்கொண்டு வருவார். ஹைடிக்குச் சின்னப்பொண்ணு என்று பெயர். தாத்தா கோபக்காரக் கிழவர். "அவர் முரடர் இல்லை, பேச ஆள் இல்லாமல் அப்படி ஆகிவிட்டார், பாரேன், இனிமேல் சரியாகிவிடுவார்" என்பார். ஆடு பால் கறக்கும் காட்சி வந்தால் மடியை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று எங்கள் விரல்களைப் பிடித்துக் காட்டுவார். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் வந்தபோது, அவளுக்குக் கால் வரவேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மறுநாள் அரிசி களையும்போது, "அந்தக் குட்டி ஆடு எங்கே போயிற்று? வந்துவிட்டதா?" என்று கேட்பார். நான் சொல்லவேண்டும். தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு மலை, பனி, மேய்ச்சல் எல்லாவற்றையும் எப்படியாவது சொல்லியே ஆகவேண்டும். பெட்டி பேசிய மொழி ஒன்று, எனக்குள் இறங்கிய மொழி வேறு.

இப்போது உங்கள் மாமியார். உங்களிடம் அவர் ஏன் ஆங்கிலத்தில் பேசுகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? எங்கள் தலைமுறைப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்தவர்கள் முன்னால் தமிழ் பேசக் கூச்சப்படுவார்கள். எங்கள் தமிழ் 1860-லிருந்து கப்பலில் வந்தவர்களின் தமிழ். கரும்புக் காட்டிலும் பாரக்ஸிலும் புழங்கி, ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து, பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல் அடுப்படியில் உயிரோடு இருந்த தமிழ். கும்பகோணத்திலிருந்து வந்த மருமகள் முன்னால் அதைப் பேசி, அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டால், அந்த அம்மாள் பிறகு வாழ்நாள் முழுக்க வாய் திறக்கமாட்டார். நீங்கள் சிரித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படிப் பயந்திருக்கலாம். சீரியலை அவர் நாள் முழுக்கப் பார்ப்பதில்கூட, தமிழைக் கேட்கவேண்டும், யாரும் தன்னைத் திருத்தாத இடத்தில் கேட்கவேண்டும் என்ற தவிப்பு இருக்கலாம்.

ஆகவே நீங்கள் முதலில் செய்யவேண்டியது அவரிடம் தமிழில் பேசுவது. அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் விடாமல் பேசுங்கள். அவர் தமிழ் பேசத் தொடங்கியதும் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாதீர்கள். மகளுக்கு இலக்கணம் பிறகு என் வகுப்பில் கிடைக்கும். ஆயாவின் பேச்சு வேறு எங்கும் கிடைக்காது.

விடுமுறை நாளுக்கு வருவோம். காலையில் ஒரு நிகழ்ச்சி, குழந்தைக்கென்று எடுத்தது. எந்த மொழியானாலும் சரி. தமிழ் கார்ட்டூன் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆயா பக்கத்தில் உட்காரவேண்டும், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, பார்த்த கதையைப் பேத்தி ஆயாவுக்குச் சொல்லட்டும். சமைக்கும்போது சொல்லட்டும், துணி மடிக்கும்போது சொல்லட்டும். 2 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் மகள் அந்த வயதின் விளிம்பில்தான் இருக்கிறாள், அதை ஒட்டியே போங்கள். மாமியாரின் சீரியலைப் பதிவுசெய்து வையுங்கள். குழந்தை தூங்கிய பிறகு நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று அவரிடமே கேளுங்கள். அவர் தமிழில் விளக்க ஆரம்பித்துவிடுவார், பாருங்கள். கிரிக்கெட் இருக்கட்டும். அப்பாவோடு கத்திக்கொண்டு பார்ப்பதும் குடும்ப நிகழ்ச்சிதான்.

ஆங்கிலக் கார்ட்டூனைவிட இந்த நாட்டு நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். அமெரிக்காவில் 1969-இல் செசமி ஸ்ட்ரீட் என்ற பொம்மைகள் வரும் பிள்ளைகள் நிகழ்ச்சி தொடங்கியபோதே, பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பதற்காக அவர்கள் சிரிக்கும் விஷயங்களையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். அதன் தென்னாப்பிரிக்க வடிவமான தக்கலானி செசமி 2000-இல் வந்தது. 2002-இல் அதில் காமி என்ற பாத்திரத்தைச் சேர்த்தார்கள். எச்ஐவியோடு வாழும், தாயை இழந்த 5 வயதுப் பெண்குழந்தைப் பொம்மை. வீட்டுக்கு வீடு சாவு விழுந்துகொண்டிருந்த காலம் அது. பெரியவர்களே வாய்விட்டுப் பேசப் பயந்த விஷயத்தை, காமியோடு சேர்ந்து விளையாடலாம், கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று அந்த நிகழ்ச்சி பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து சொன்னது. சாவும் நோயும் சீரியலிலும் வருகின்றன. இங்கே அவை குழந்தையைப் பயமுறுத்தவில்லை. குழந்தைக்கென்று எடுப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காமியைத்தான் காட்டுவேன்.

அந்த நிகழ்ச்சி இந்த நாட்டின் பல மொழிகளில் பேசுகிறது, தமிழில் பேசவில்லை. நம் 1996 அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இங்கே சமூகங்கள் பேசும் மொழிகளை வளர்க்கவும் மதிக்கச் செய்யவும் வேண்டும் என்று மொழி வாரியத்துக்குக் கடமை விதிக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ் பெயர் சொல்லியே இருக்கிறது. சட்டத்தில் இருக்கும் பெயர் திரையில் வர, வாரத்தில் கால் மணி நேரம் போதும். ஒரு பாட்டு, ஒரு கதை, ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் ஒரு கோயில் காட்சி. பெரியவர்களுக்கான இந்தியக் கலாசார நிகழ்ச்சிகள் இதற்கு ஈடாகாது. நம் சங்கங்கள் மேடைக்கும் மாலைக்கும் செய்யும் செலவில் ஒரு பகுதியை இதற்குக் கேட்கலாம், பொது ஒளிபரப்பாளருக்கு மனு எழுதலாம். நான் எழுதத் தயார். உங்களைப் போன்ற தாய்மார்களின் கையெழுத்து வேண்டும். உங்கள் கையெழுத்தை இந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் சனிக்கிழமை வகுப்பும் தொடங்கும். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாமியாரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். மாரியம்மன் பாட்டு முழுவதும் தெரிந்தவர்கள் எங்கள் வகுப்பில் இப்போது யாரும் இல்லை. என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவரிடம் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள்.