திருடியவர் நண்பர், அனுமதித்தவர் நீங்கள்

கேள்வி: சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக ஒரு கற்பனைக் கதைக்குள் புகுந்து, டைஸ் உருட்டி ஆடும் விளையாட்டு. நண்பர்கள் நான்கு பேர், காலேஜ் படிக்கும் என் தம்பி, கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக நான். ஒரு நண்பரின் கேரக்டர் திருடன். கூட வரும் தோழர்களிடமே திருடுகிறார். கேட்டால், "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறார். போன மாதம் தம்பியின் கேரக்டர் வைத்திருந்த மாய வாளை எடுத்து விற்றுவிட்டார். விதிப்படி டைஸ் உருட்டித்தான் எடுத்தார் என்பதால் நான் தலையிடவில்லை. தம்பியும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தன் டைஸைக்கூடக் கொண்டு வராமல் என்னுடையதை வாங்கி உருட்டுகிறான். எல்லோரும் சந்தோஷமாக ஆட என்ன வழி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: திருடனைப் பற்றி இத்தனை வரி எழுதிய நீங்கள், தம்பியின் டைஸைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். நான்கு பக்கத்திலிருந்து இருபது பக்கம் வரை ஏழு டைஸ் கொண்ட ஒரு செட். இந்த ஆட்டம் பிடித்தவர்கள் நிறம் பார்த்து வாங்கி, அடுத்தவர் தொட்டாலே முகம் சுளிப்பார்கள். அதை உள்ளே வைத்துவிட்டு வருகிறவன் மனதளவில் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டான். அண்ணன் வீட்டில் நடத்துவதால் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். பார்த்திருக்கிறீர்கள், ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விதிப்படி என்கிறீர்களே, அந்த விதியையே பார்ப்போம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்ட நாளிலிருந்தே கதை நடத்துபவர்தான் நடுவர். ஆடுபவர் தான் செய்ய நினைப்பதைச் சொல்லலாம். அதற்கு டைஸ் உருட்ட வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்கள். "தோழனிடம் திருடுவது இந்த மேஜையில் கிடையாது" என்று சொல்லியிருந்தால் டைஸுக்கே வேலையில்லை. உருட்டச் சொன்னது உங்கள் வாய். நண்பரிடம் கெட்ட பேர் வாங்கப் பயந்து, டைஸின் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள்.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்பதும் செல்லாது. அந்தக் கேரக்டரை உருவாக்கியதே அவர்தானே? அரசனிடம் திருடட்டும், டிராகனின் குகையில் திருடட்டும். தோழர்களை விட்டுக்கொடுக்காத திருடனாகவும் அவனை ஆடலாம்.

மேஜை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டையை வைத்து, பிடிக்காத காட்சி வந்தால் யாரும் அதைத் தொட்டு நிறுத்தலாம் என்று சில குழுக்களில் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் அண்ணனின் நண்பர்கள் முன்னால் எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த பையன் அந்த அட்டையைத் தொட மாட்டான். அவனுக்காகப் பேச வேண்டியது நீங்கள். அப்பா அம்மா இல்லாத அந்த அறையில் பெரியவர் நீங்கள்தான். வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பது கடமை, ஒப்புக்கொள்கிறேன். கூடப் பிறந்தவன் அவமானப்படுவதைப் பார்த்துக்கொண்டு செய்கிற உபசாரத்தில் எனக்கு மரியாதை இல்லை.

முதலில் தம்பியிடம் தனியாக மன்னிப்புக் கேளுங்கள், சனிக்கிழமை வரை காத்திருக்காமல். வாள் திரும்ப வேண்டுமா, கேரக்டரை மாற்ற ஆசையா, சனிக்கிழமையே வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கெஞ்சாதீர்கள்.

அப்புறம் நண்பருக்குப் போன் போடுங்கள். கதைக்குள் அவர் கேரக்டரைச் சிறையில் தள்ளிப் பழிவாங்க நினைக்காதீர்கள். அவர் அதையும் ஆட்டமாக எடுத்துக்கொண்டு இன்னும் ஏறுவார். நேரடியாகச் சொல்லுங்கள்: ஒருவர் கேரக்டர்மேல் இன்னொருவர் கை வைத்தால், என்ன நடந்தது என்று சொல்லும் உரிமை பாதிக்கப்படுபவருக்கே. தம்பி "திருட முடியவில்லை" என்றால் முடியவில்லை, டைஸ் கிடையாது. இதை எல்லோருக்கும் பொதுவான விதியாக வையுங்கள். அவர் கோபித்துக்கொண்டு வராமல் போனால் போகட்டும். உங்களைத் தவிர மீதி நான்கு பேர் இந்த ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.